ஆறு பேர் ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் முடிச்சார்

நண்பர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆறு பேர் பெயர் கொடுப்போம். முதல் ரெவ்யூவுக்கு ஆறு பேரும் போவோம். ரெண்டாவது ரெவ்யூவுக்கு மூணு பேர். ரிப்போர்ட் பைண்டிங் போகிற ராத்திரி பார்த்தால் லேப்டாப் முன்னாடி ஒரே ஒருத்தர்தான் உட்கார்ந்திருப்பார். மற்ற அஞ்சு பேரும் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இது நம்ம காலேஜில் மட்டும் நடக்கிற கதை இல்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் கொரியாவிலும் இதே மாதிரி ஆறு பேர் கொண்ட ஒரு டீம் இருந்தது. ப்ராஜெக்ட் கொடுத்தவர் நாட்டின் ராஜா. டீம் கலைந்ததுக்குக் காரணம் சோம்பல் இல்லை, போர். கடைசியில் தனியாக உட்கார்ந்து முடித்தவரின் பெயர் ஹோ ஜுன். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஆன காலம் 14 வருஷம். அதில் கொஞ்ச காலம் அவர் தண்டனை பெற்று, தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டு இருந்தார். அப்போதும் எழுதினார்.

அவர் எழுதி முடித்த புத்தகத்தின் பெயர் தோங்-உய்-போகாம். கிழக்கு நாட்டு மருத்துவத்தைக் காட்டும் அரிய கண்ணாடி என்று பொருள் சொல்லலாம். கொரிய மூலிகை மருத்துவம் பற்றி யார் பேசினாலும் இந்தப் புத்தகத்தைத் தொடாமல் பேச முடியாது. வாங்க, அந்த மனுஷரோட கதையைப் பார்ப்போம்.

தவறான அம்மாவுக்குப் பிறந்த மகன்

ஹோ ஜுன் பிறந்தது 1539இல். அப்போது கொரியாவை ஆண்டது ஜோசோன் அரச வம்சம். தாத்தாவும் அப்பாவும் ராணுவ அதிகாரிகள். நல்ல குடும்பம், நல்ல பெயர். ஆனால் அவருடைய அம்மா வீட்டின் முதல் மனைவி இல்லை. அன்றைய கொரியச் சட்டப்படி, இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் பெரிய சிவில் தேர்வு எழுத அனுமதி கிடையாது. எவ்வளவு படித்தாலும் ஹால் டிக்கெட்டே வராது. அவ்வளவுதான்.

அவர்களுக்குத் திறந்திருந்தவை மொழிபெயர்ப்பு, வானியல் கணக்கு, மருத்துவம் மாதிரியான தொழில்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் டாக்டர் சீட் கிடைத்தால் தெருவே கொண்டாடும். அன்றைக்கு அங்கே மருத்துவம் என்பது மேல் வகுப்பு ஆட்கள் தொடாத இரண்டாம் தர வேலை. ஹோ ஜுன் அதைத்தான் எடுத்தார்.

ஆனால் நன்றாகச் செய்தார். யூ ஹுய்-சுன் என்ற அறிஞர் அவரோடு பழகி, அவருடைய திறமையைப் பார்த்து, 1569இல் அரண்மனை மருத்துவமனைக்கு அவரைச் சிபாரிசு செய்தார். அந்த அறிஞரின் நாட்குறிப்பு இன்றைக்கும் இருக்கிறது. ஹோ ஜுனின் இளமைக்காலம் பற்றி நமக்கு நம்பகமாகத் தெரிவதில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்க கொரியன் சீரியல் ரசிகராக இருந்தால், 1999-2000இல் வந்து கொரியாவையே டிவி முன்னால் உட்கார வைத்த ஹோ ஜுன் சீரியல் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் ஒரு குரு வருவார். சாகும்போது தன் உடலையே அறுத்துப் படிக்கச் சொல்லி சீடனுக்குக் கொடுப்பார். பார்க்கிற எல்லாரும் அழுவார்கள். ஆனால் அது கற்பனை. அந்தக் குருவுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் வைத்தியர் உண்மையில் வாழ்ந்தது ஹோ ஜுனுக்குப் பிறகு, சுமார் நூறு வருஷம் கழித்து! நிஜக் கதையில் இந்த மாதிரி சீன் கிடையாது. ஆனால் நிஜக் கதை ஒன்றும் குறைந்ததில்லை.

அம்மை வந்த இளவரசன்

1590. சொன்ஜோ ராஜாவின் மகன் குவாங்ஹேவுக்குப் பெரியம்மை. நம்ம ஊரில் அம்மை வந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று மருந்து கொடுக்காமல் இருந்த காலம் உண்டில்லையா, கொரியாவிலும் அதே நம்பிக்கைதான். பெரியம்மையைக் கொண்டுவருவது ஒரு தெய்வம், மருந்து கொடுத்தால் அதற்குக் கோபம் வரும் என்று நினைத்தார்கள். முன்பு ஒரு இளவரசன் இப்படி மருந்தே கொடுக்கப்படாமல் இறந்துபோயிருந்தான்.

இந்த முறை ராஜா மருந்து கொடுக்கச் சொன்னார். கொடுத்தவர் ஹோ ஜுன். யோசித்துப் பாருங்க. பையன் பிழைத்தால் மருந்தால் பிழைத்தான் என்று சிலர் சொல்வார்கள். செத்தால், தெய்வத்தைக் கோபப்படுத்திக் கொன்றவர் என்று எல்லாரும் சொல்வார்கள். பையன் பிழைத்தான்.

ராஜா சந்தோஷப்பட்டு ஹோ ஜுனுக்கு உயர்ந்த பதவி கொடுத்தார். உடனே அதிகாரிகள் எதிர்த்தார்கள். வைத்தியம் பார்ப்பது வைத்தியனின் கடமை, அதற்கு இவ்வளவு பெரிய பதவியா என்பது அவர்கள் வாதம். ராஜா விட்டுக்கொடுக்கவில்லை. இந்த எதிர்ப்பு ஹோ ஜுனின் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஒரு மனு, ஒரு முணுமுணுப்பு.

போர் வந்தது

1592இல் ஜப்பான் படை பூசானில் வந்து இறங்கியது. சுமார் இருபது நாளில் தலைநகர் ஹான்யாங், அதாவது இன்றைய சியோல், விழுந்துவிட்டது. ராஜா வடமேற்கு எல்லைக்கு, யாலு ஆற்றங்கரையில் இருக்கும் உய்ஜு ஊருக்கு ஓடினார். வழியிலேயே நிறைய அதிகாரிகள் கழன்றுகொண்டார்கள். ஹோ ஜுன் கடைசி வரை கூடவே போனார். இதற்காகப் பின்னாளில், 1604இல், அவருக்கு அரச மரியாதை கிடைத்தது.

போர் ஊரையே புரட்டிப் போட்டது. அரண்மனை எரிந்தது. மருத்துவப் புத்தகங்கள் சிதறின, சில ஜப்பானுக்கே போயின. பஞ்சம் வந்தது, பின்னாலேயே தொற்றுநோய் வந்தது. கிராமங்களில் வைத்தியரும் இல்லை, சீனாவிலிருந்து வர வேண்டிய மருந்தும் இல்லை.

இந்த நிலைமையில்தான் 1596இல் சொன்ஜோ ராஜா ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். புதிதாக ஒரு மருத்துவ நூல் தொகுக்க வேண்டும். அவர் வைத்த நிபந்தனைகளைப் பாருங்க. ஒன்று, நோய் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, நோய் வராமல் உடலைப் பேணுவது முதலில் வர வேண்டும். இரண்டு, ஏற்கெனவே மருந்து முறைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன, அதில் தேவையானதை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். மூன்று, நாட்டில் மூலிகை நிறைய விளைகிறது, ஆனால் ஜனங்களுக்கு அது தெரியவில்லை. ஆகவே உள்ளூர் மூலிகைகளை வகை பிரித்து, ஜனங்கள் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். இதை மறக்காதீங்க, திரும்ப வருவோம்.

ஹோ ஜுனோடு சேர்த்து ஆறு பேர். அனுபவசாலி அரண்மனை வைத்தியர்கள், மருத்துவம் தெரிந்த ஓர் அறிஞர் என்று நல்ல டீம். வேலையின் எலும்புக்கூடு தயாராகிக்கொண்டிருந்தது. 1597இல் ஜப்பான் படை மறுபடியும் வந்தது. டீம் சிதறியது. ப்ராஜெக்ட் நின்றது.

போர் ஓய்ந்த பிறகு, ராஜா அரண்மனையில் மிச்சமிருந்த மருத்துவ நூல்கள் 500ஐ ஹோ ஜுனிடம் கொடுத்து, தனியாகவே தொடரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. லிட்டரேச்சர் சர்வேக்கு இருபது பேப்பர் படிக்கவே நமக்கு மூச்சு வாங்கும்! இவர் ஐந்நூறு நூலோடு உட்கார்ந்தார். நடுவில் சும்மாவும் இருக்கவில்லை. பெரியம்மை, அவசர சிகிச்சை, பிரசவம் ஆகிய மூன்றுக்கும் சாதாரண ஜனங்கள் படிக்கிற ஹங்குல் எழுத்தில் தனித்தனிக் கையேடு தயாரித்தார்.

மறுபடியும் உய்ஜு

1608இல் சொன்ஜோ ராஜா இறந்தார். ராஜா இறந்தால் பழி தலைமை வைத்தியர் மேல் விழும், அது அந்த ஊர் வழக்கம். இத்தனை வருஷம் முணுமுணுத்தவர்களுக்கு இப்போது வாய்ப்பு. இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்டார்கள்.

புதிய ராஜா யார் தெரியுமா? குவாங்ஹே. பதினெட்டு வருஷம் முன்னால் அம்மையிலிருந்து பிழைத்த அதே பையன். அவரால் தண்டனையை முழுசாகத் தடுக்க முடியவில்லை, ஆனால் கடுமையைக் குறைத்தார். ஹோ ஜுன் நாட்டின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டார். எந்த ஊர் தெரியுமா? உய்ஜு. போர்க்காலத்தில் ராஜாவுக்குத் துணையாகப் போன அதே ஊருக்கு, பதினாறு வருஷம் கழித்து, எழுபது வயதில், குற்றவாளியாகப் போனார்.

அங்கே எஞ்சிய பகுதியை எழுதினார். 1609 கடைசியில் விடுதலை. 1610இல் தலைநகரில் நூலை ராஜாவிடம் ஒப்படைத்தார். ராஜா ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுத்தார். 14 வருஷ வேலைக்கு ஒரு குதிரை!

அச்சிடுவதும் சுலபமாக இல்லை. போரால் நாடு காலியாகிக் கிடந்தது. புத்தகத்திலோ பெரிய எழுத்தும் சின்னக் குறிப்பெழுத்தும் கலந்திருக்கும், மாகாண அச்சுக்கூடங்களால் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் அரண்மனை மருத்துவமனையே மர எழுத்துகளைக் கோத்து 1613இல் அச்சிட்டது. மொத்தம் 25 தொகுதி.

புத்தகத்துக்குள் என்ன இருக்கு?

இன்ஜினியர் கண்ணோடு பார்த்தால் இது ஒரு நல்ல டேட்டாபேஸ் டிசைன். முதல் 2 தொகுதி வெறும் பொருளடக்கம். அடுத்து உடலின் உள்பகுதிக்கு 4, வெளிப்பகுதிக்கு 4, பல்வேறு நோய்களுக்கு 11, மருந்துப் பொருள்களுக்கு 3, அக்குபஞ்சருக்கு 1. நோயில் ஆரம்பிக்காமல் உடலில் ஆரம்பித்தது அவர் செய்த முக்கியமான தேர்வு. எந்தக் கருத்து எந்த நூலிலிருந்து வந்தது என்பதையும் அங்கங்கே குறித்துவிட்டார். அதாவது, சைட்டேஷன் போட்டுவிட்டார்.

இன்னொன்று. பத்துப் பதினைந்து பொருள் சேர்க்கும் பெரிய மருந்து முறைகளுக்குப் பிறகு, ஒரே ஒரு மூலிகையை வைத்துச் செய்யக்கூடிய எளிய வைத்தியத்தையும் தனியாகக் கொடுத்தார். கையில் காசில்லாதவன், பக்கத்தில் வைத்தியர் இல்லாதவன் என்ன செய்வான் என்று யோசித்த மனுஷர்.

மருந்துப் பகுதியில் சுமார் 1400 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் சுவை, குணம், விஷம் உண்டா இல்லையா, எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது என்ற விவரம். சீனாவிலிருந்து வர வேண்டியதற்குத் தனிக்குறி. நூல் முழுக்கப் படித்தவர்களின் சீன எழுத்தில் இருந்தாலும், 600க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஜனங்கள் சொல்லும் பெயரை ஹங்குலில் எழுதினார். உலகமே ஜின்செங் என்று சொல்கிற வேருக்கு அவர் எழுதிய நாட்டுப்பெயர் சிம். போன்ல போடுற சிம் இல்லீங்க! மலையேறி அந்த வேரைத் தேடுகிறவர்களைக் கொரியாவில் இன்றைக்கும் சிம்மானி என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர்தானே, அதில் என்ன?

பெயரில் உயிரே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சிகிச்சை எடுத்த பெண்களில் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது. சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. காரணம் என்ன? மாத்திரையில் சேர வேண்டியது ஸ்டெஃபானியா என்ற மூலிகை. அதன் சீனப் பெயர் ஃபாங் ஜி. ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு செடியும் உண்டு, அது அரிஸ்டொலோக்கியா இனம். அதுதான் உள்ளே போயிருந்தது. அதில் இருக்கும் அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். நம்ம ஊர் ஆடுதின்னாப்பாளையும் இதே இனம்தான். ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கொரியாவிலேயே ஓர் உதாரணம் தாங்க்வி என்ற வேர். கொரியாவில், சீனாவில், ஜப்பானில் எல்லாம் இதே பெயரை ஒரே சீன எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் மூன்றும் ஏஞ்செலிகா இனத்தின் வெவ்வேறு செடிகள். எச்.பி.எல்.சி. கருவியில் போட்டுப் பார்த்தால் கொரிய வேரில் டெகர்சின் என்ற பொருள் தூக்கலாகத் தெரியும். சீன வேரில் அது முக்கியமில்லை, அங்கே லிகுஸ்டிலைட் முன்னால் நிற்கும். பெயர் ஒன்று, வேதியியல் வேறு. ஒரு நாட்டில் செய்த ஆய்வு முடிவை இன்னொரு நாட்டு வேருக்கு அப்படியே ஒட்ட முடியாது. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் டி.என்.ஏ. பார்கோடிங் வைத்து முதலில் செடி எது என்று உறுதி செய்துகொள்கிறார்கள், பிறகுதான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். ஹோ ஜுன் ஊர்ப்பெயரை எழுதியபோது தீர்க்கப் பார்த்ததும் இதே பிரச்சினையைத்தான், அன்றைய கருவிகளை வைத்து.

அதுக்காக அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீங்க. பாதரசமும் அதில் மருந்துதான். மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைய ஒரு வழி இருக்கிறது. வயிற்றில் இருக்கும் பெண் சிசுவை ஆணாக மாற்றவும் ஒரு முறை இருக்கிறது. சிரிப்பு வருகிறதா? அவர் தன் காலத்து நூல்களைத் தொகுத்தவர், அந்த நூல்களில் இருந்த தவறுகளும் கூடவே வந்துவிட்டன. பழசு என்பதால் தூக்கி எறிவதும் தப்பு, பழசு என்பதாலேயே தலையில் வைப்பதும் தப்பு.

சோதித்துப் பார்ப்பதுதான் வழி. இருமல், மூச்சிரைப்புக்குக் கிழக்காசிய வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்த மாஹுவாங் செடி ஹோ ஜுன் நூலிலும் உண்டு. 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் அதிலிருந்து எஃபெட்ரின் பிரித்தார். அது மூச்சுக்குழாயை விரிக்கும். அதே பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்தையும் பாதிக்கும் என்பதும் சோதனையில்தான் தெளிவானது. ஜின்செங் வேரில் ஜின்செனோசைடு என்ற பொருள்கள் இருக்கின்றன. வேரை ஆவியில் வேகவைத்துச் சிவப்பு ஜின்செங் ஆக்கும்போது அவற்றில் சில வேறு வடிவத்துக்கு மாறுகின்றன. ஆக, அந்த வேகவைக்கும் முறை வெறும் சடங்கு இல்லை, ஒரு வேதிவினை. 1994இல் தொடங்கப்பட்டு இப்போது தேஜோன் நகரில் இருக்கும் கொரிய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று, இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதையே முழுநேர வேலையாகச் செய்கிறது.

கடைசி வேலை

புத்தகம் முடிந்ததும் ஹோ ஜுன் ஓய்வெடுத்தாரா? இல்லை. 1612இல் வடக்கே தொற்றுக்காய்ச்சல் பரவியது. அடுத்த வருஷம் உடலெல்லாம் சிவந்து தடிக்கிற இன்னொரு புதிய காய்ச்சல் வந்தது. எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் இரண்டுக்கும் தனித்தனி நூல் எழுதினார். அந்த இரண்டாவது நோயை அவர் கவனித்து எழுதிய விதத்தைப் பார்த்து, அது ஸ்கார்லெட் காய்ச்சல் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1615இல் இறந்தார். உயிரோடு இருந்தபோது எதிர்ப்பால் கிடைக்காமல் போன மிக உயர்ந்த பதவி, செத்த பிறகு கிடைத்தது.

அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்பதே காலப்போக்கில் மறந்துபோயிற்று. கொரியப் போருக்குப் பிறகு அந்த இடம், வடகொரிய எல்லையை ஒட்டிப் பொதுமக்கள் நுழைய முடியாத ராணுவப் பகுதிக்குள் சிக்கிக்கொண்டது. 1991இல் தேடிப்போனவர்கள் பாஜு பகுதியில் உடைந்து கிடந்த ஒரு கல்லைக் கண்டுபிடித்தார்கள். சில எழுத்துகள் போயிருந்தன, ஆனால் மிச்சமிருந்த எழுத்துகள் ஆளைக் காட்டிக்கொடுத்தன. பக்கத்தில் மனைவியின் கல்லறை. மேலே இருக்கும் இன்னொன்று அவருடைய அம்மாவுடையது என்று கருதப்படுகிறது. எந்த அம்மாவுக்குப் பிறந்ததால் அவருக்குத் தேர்வு எழுதும் உரிமை இல்லாமல் போனதோ, அந்த அம்மா.

2009இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் தோங்-உய்-போகாமைச் சேர்த்தது. அதே பதிவேட்டில் 1997லேயே இடம்பிடித்த இன்னொரு தொகுப்பு உண்டு. சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் இருக்கும் தமிழ் மருத்துவ ஓலைச்சுவடிகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ரெண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் பாட்டியிடம் வேலியோரத்துச் செடி ஒன்றின் பெயரைக் கேளுங்க. போட்டோ எடுத்து, அவர் சொல்லும் பெயரையும் தாவரவியல் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்க. பாட்டிக்கும் பக்கத்து ஊர்ப் பாட்டிக்கும் பெயர் மாறினால், ரெண்டையும் எழுதுங்க. ஹோ ஜுன் அறுநூறு தடவைக்கு மேல் செய்த வேலை அது. உங்களுக்கு ஒன்று போதும்.

அப்புறம், ப்ராஜெக்ட் டீம்ல தனியா உட்கார்ந்திருக்கிற அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா, இன்னிக்கு ராத்திரி இவரை நினைச்சுக்கோங்க. நீங்க மற்ற அஞ்சு பேரில் ஒருத்தரா இருந்தா, போய் ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்க.